அமுக்கு, பிடி, விடு

சைனம்பு ஊரை விட்டுப் போக இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது.

வினோலியா இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். இப்போது சனிக்கிழமை காலை பத்து மணி. லாரி நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும். இருபத்தாறுதான்.

சைனம்பு ஆறாம் வகுப்பில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஒரு மாதத்துக்கு முன்னால் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை எந்தப் பெஞ்சிலும் இருக்க மாட்டாள்.

"வினோ, பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எடு!" என்று அப்பா கூப்பிட்டார்.

வாசலில் அவர்களுடைய பழைய அம்பாசடர் கார் ஜாக்கியில் நின்றது. முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றியாகிவிட்டது. பக்கத்தில் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்த அட்டைப்பெட்டி. அதற்குள் புது டிஸ்க் பிரேக். சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு இரும்புத் தகடுகள் பளபளத்தன.

கழற்றிய நட்டுகளை டிபன் பாக்ஸில் போட்டு வைப்பது தம்பி ரோஷனின் வேலை. அவன் இரண்டாம் வகுப்பு.

"அப்பா, திங்கட்கிழமை நான் ஸ்கூலுக்கு நட்டுதான் கொண்டு போகணுமா?"

"ஏலே, ஒண்ணு தொலைஞ்சாலும் உனக்கு அதான் சாப்பாடு."

அப்பா ஆண்டனிராஜ் ஒரு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பாடம் நடத்துபவர். அவர்கள் இருந்த மேட்டுப்பட்டியில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் 'சார்வாளைக் கேளுங்க' என்பார்கள். இரும்பு விஷயத்தில் அவர் சொன்னால் ஊரே நம்பும்.

அதுதான் வினையாகப் போயிற்று.

போன மாதம் ஒரு நாள் அப்பாவும் அம்மாவும் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு விடியற்காலையில் காரில் திரும்பினார்கள். ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு தக்காளி லாரி ரோட்டோரமாக நின்றிருந்தது. கார் அதன் பின்னால் போய் மோதியது. அம்மாவின் இடது கை ஒடிந்தது.

"பிரேக் பிடிக்கல," என்றார் அப்பா.

அந்த பிரேக்கை இரண்டு நாளுக்கு முன்னால்தான் கிதர் முகம்மது கழற்றிச் சரிபார்த்திருந்தார். அவர் பேகம்பூரில் கார் மெக்கானிக். சைனம்புவின் அப்பா; அவள் 'அத்தா' என்று கூப்பிடுவாள்.

சார்வாளே சொல்லிவிட்டார் என்றால் அப்புறம் என்ன? டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் முதலில் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். அப்புறம் மற்றவர்களும் நிறுத்தினார்கள். ஒரே மாதத்தில் கிதர் முகம்மதுவின் பட்டறையில் ஒரு வண்டிகூட இல்லை. இப்போது அவர் திருப்பூருக்குப் போகிறார். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின்களுக்கு எண்ணெய் விடும் வேலை.

அம்மா சகாயராணி மாவுக்கட்டுப் போட்ட கையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "புது பிரேக் போடாம நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்," என்று சொன்னவள் அவள்தான்.

"கடையில குடுத்தா ஒரு நாள் வேலை," என்றாள் அம்மா. "நீங்களே செய்யணும்னு என்ன வேண்டுதல்?"

"இனிமே எவனையும் நம்பி இந்தச் சக்கரத்தைத் தொட விட மாட்டேன்," என்றார் அப்பா. தலையை நிமிர்த்தவில்லை.

பழைய பிரேக்கின் மூடியை அப்பா சுத்தியலால் தட்டிக் கழற்றினார். உள்ளே பிறை நிலா போல வளைந்த இரண்டு கட்டைகள். அவற்றின் மேல் தடித்த பட்டை ஒட்டியிருந்தது. அந்தப் பட்டைதான் சக்கரத்தை உரசி நிறுத்துகிறது. வினோலியாவுக்கு இதெல்லாம் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் சைனம்புவோடு பட்டறையில் போய் உட்கார்ந்து பார்த்ததுதான்.

'பட்டை ரெண்டு மில்லிக்குக் கீழ தேஞ்சா மாத்தணும். ஆயில் ஒழுகினா உள்ளே ஈரமா இருக்கும், நாத்தம் வரும். எங்க அத்தா மோந்து பாத்தே சொல்லிரும்' என்று சைனம்பு பெருமையாகச் சொல்வாள்.

இங்கே ஈரம் இல்லை. வெறும் கறுப்புத் தூசிதான். வினோலியா மெதுவாக மூக்கைக் கொண்டு போனாள். தும்மல் வந்தது. நாற்றம் இல்லை.

அப்பா கைகழுவப் போனபோது ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்து பட்டையை அளந்தாள்.

ஐந்து மில்லிமீட்டர்.

அவள் இன்னொரு முறை அளந்தாள். ஐந்துதான்.

அப்பா திரும்பி வந்ததும் பழைய சாமான்களை எல்லாம் சாக்கில் போட்டு வாயைக் கட்டினார். "சாயங்காலம் பழைய இரும்புக்குப் போட்டுரணும்," என்றார். அவ்வளவு அவசரமாக அவர் எதையும் கட்டி வினோலியா பார்த்ததில்லை. ஒரு கட்டை குறைவதை அவர் கவனிக்கவில்லை. அது அவளுடைய புத்தகப் பையில் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனாள்.

சைனம்பு வாசலில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்குடி வந்த? உங்கப்பா புது பிரேக் போடுறாராமே. ஊரெல்லாம் பேசுது."

"சைனு, இதைப் பாரேன்."

சைனம்பு பார்த்தாள். அவளுக்கு ஸ்கேல் தேவைப்படவில்லை. முகம் சட்டென்று சிவந்தது. "அத்தா!" என்று கத்தினாள். "இங்க வாங்க!"

கிதர் முகம்மது வெளியே வந்தார். கட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பட்டையின் மேல் பெருவிரலால் ஒரு முறை தடவினார். கைக்குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல இருந்தது.

"நான் மாட்டினதுதான்," என்றார். "அன்னைக்கே சக்கரத்தைக் கழட்டிப் பாத்துருவோம் சார்னு உங்கப்பாகிட்ட கேட்டேன். தொட விடல."

"இதைக் கொண்டு போய் ஸ்டாண்டுல காட்டுங்க மாமா!"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க வினோலியாவுக்குப் பிடிக்கவில்லை.

"நான் காட்டினா, மெக்கானிக் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்து காட்டுறாம்பாங்க தாயி. என் பேரு யார் வாயில போச்சோ, அவுக வாயிலதான் திரும்பி வரணும்."

அவர் கட்டையை அவளிடமே கொடுத்துவிட்டார்.  சைனம்பு ஒரு டம்ளரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுற்றி வைத்த டம்ளர்.

வீடு திரும்பும் வழியெல்லாம் வினோலியா யோசித்தாள். பட்டை தேயவில்லை. ஆயில் ஒழுகவில்லை. அப்படியென்றால் பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

அப்புறம் இன்னொன்று ஞாபகம் வந்தது. அவள் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டாள்.

விபத்துக்குப் பிறகு, முன்பக்கம் நசுங்கிய காரை டிங்கர் கடையில் நிமிர்த்தி, ஜீப்பில் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். 'பிரேக் இல்லாத வண்டி, ஓட்டக் கூடாது' என்று அப்பாதான் சொன்னார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். வினோலியா பக்கத்தில் இருந்தாள். வழியில் ஜீப் மூன்று இடத்தில் நின்றது.

மூன்று இடத்திலும் கார் அதன்மேல் மோதாமல் நின்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் முதல் பூசை முடிந்து வந்ததும் அப்பா மறுபடியும் காருக்குக் கீழே போய்விட்டார். தகடுகளை மாட்டியாகிவிட்டது. இனி பிரேக் ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். மற்றவர் கீழே இருந்து திருகைத் திறந்து மூட வேண்டும்.

வினோலியா டிரைவர் சீட்டில் நுனியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கால் எட்டியது. புத்தகப் பையை மடியில் வைத்திருந்தாள்.

"நல்லாக் கேட்டுக்க," என்று கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அமுக்குன்னா அமுக்கணும். பிடின்னா அப்படியே பிடிக்கணும். விடுன்னு சொன்னாத்தான் விடணும். காலை எடுத்துட்டு, பிடிச்சிருக்கேன்னு பொய் சொல்லிறாத. உன் கால் எனக்குத் தெரியாது. நீ சொல்றதை நம்பித்தான் நான் திருகைத் தொறக்கிறேன்."

"சரிப்பா."

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

கீழே 'புஸ்ஸ்' என்று சத்தம். ரோஷன் கைகொட்டிச் சிரித்தான். "கார் குசு விடுது!"

"விடு."

"விட்டுட்டேன்."

ஒரு பக்கம் முடிந்தது. மறு பக்கம் ஆரம்பித்தது. உள்ளே சுவர்க் கடிகாரம் பத்தரை அடித்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம்.

"பிடி," என்றார் அப்பா.

"பிடிச்சிருக்கேன்."

திருகைத் திறந்தார். மூடினார். "விடு."

வினோலியா காலை எடுக்கவில்லை.

"விடு வினோ."

"விடலப்பா."

"ஏன், கால் மரத்துப் போச்சா?"

அப்பாவின் முகம் தெரியாதது அவளுக்கு நல்லதாக இருந்தது. தெரிந்திருந்தால் அவளால் பேசியிருக்க முடியாது.

"அப்பா, அன்னைக்குக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தப்ப ஜீப் மூணு தடவை நின்னுச்சுல்ல?"

"அதுக்கென்ன இப்போ?"

"நம்ம கார் எப்படிப்பா நின்னுச்சு?"

கீழே ஸ்பேனர் 'ணங்' என்று தரையில் விழுந்தது.

"ஹேண்ட் பிரேக்," என்றார் அப்பா.

"இல்லப்பா. உங்க ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்துச்சு. நான் பாத்தேன்." அவள் மடியில் இருந்த பையைத் தொட்டாள். "பழைய பட்டை அஞ்சு மில்லி இருக்குப்பா. அளந்தேன்."

வாசற்படியில் வெங்காயத் தோலைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நிறுத்தினாள்.

"பன்னெண்டு மணிக்கு சைனுவோட லாரி போயிரும்பா," என்றாள் வினோலியா.  இன்னும் பெடலை விடவில்லை.

அப்பா காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். நெற்றியெல்லாம் கறுப்பு. யாரையும் பார்க்காமல் கந்தல் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மா எழுந்து வந்தாள்.

"அன்னைக்கு ஒட்டன்சத்திரத்துல, செத்த நேரம் படுத்துட்டு விடிஞ்சு போவோம்னு சொன்னேன்," என்றாள். "கேட்டீங்களா?"

அப்பா கந்தல் துணியைக் கீழே போட்டார்.

"வினோ, காலை எடு," என்றார். "நான் பேகம்பூருக்குப் போறேன்."

"நானும் வாரேன்," என்றாள் அம்மா. "ஒடிஞ்சது என் கை."

நான்கு பேரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

"என்ன சார், வாசல்ல காரை நிறுத்திட்டு ஆட்டோவுல வாரீக?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"காருக்குக் காத்து பிடிச்சிருக்கு," என்றான் ரோஷன். யாரும் சிரிக்கவில்லை. அவன் ஏன் என்று தெரியாமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பேகம்பூரில் லாரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பீரோ, கட்டில், அடுப்பு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பட்டறையின் பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் மேலே மல்லாக்கக் கிடந்தது. சைனம்பு டிரைவர் பக்கத்து சீட்டில் அவளுடைய அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே டீக்கடையில் டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒரு மாதமாகப் பட்டறைப் பக்கம் வராதவர்கள். இன்று வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"வாங்க சார்வாள்!" என்றார் அவர்களில் ஒருவர். கருப்புசாமி என்று பெயர். "புது பிரேக் போட்டுட்டீங்களாமே. நல்ல காரியம். நல்லவேளை நீங்க சொன்னீங்க, நாங்க தப்பிச்சோம்."

கிதர் முகம்மது லாரியின் பின்பக்கம் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.  மறுபடியும் கயிற்றை முடிந்தார்.

அப்பா நடுரோட்டில் நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். வினோலியா பையிலிருந்து அந்தக் கட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"வண்டியைச் செத்த நிறுத்துங்க," என்றார் அப்பா லாரி டிரைவரிடம். "நான் சொல்றது எல்லாருக்கும் கேக்கணும்."

டிரைவர் என்ஜினை அணைத்தார். தெரு திடீரென்று அமைதியானது. டீ ஆற்றும் சத்தம்கூட நின்றுவிட்டது. சைனம்பு லாரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"கிதர் பாய் போட்ட பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் அப்பா. "நான்தான் மிதிக்கல. வண்டி ஓட்டும்போது தூங்கிட்டேன்."