பொய்க்கதவு

பட். பட்.

யாரோ உள்ளங்கையால் கதவை அறைந்தார்கள். அது நிஜக் கதவாக இருந்திருந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். படப்பிடிப்புக்காக ஸ்டூடியோவுக்குள் போட்ட விடுதி நடைகூடம் அது. கடைசியில் இருந்தது பொய்க்கதவு. பலகையில் சட்டம் அடித்து, கைப்பிடி முடுக்கி, வண்ணம் பூசியிருந்தார்கள். பின்னால் அறை கிடையாது. ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்தும், அதையடுத்து ஸ்டூடியோச் சுவரும்தான்.

யூனிட்டில் அவளுக்கு ‘ஃபயர் அக்கா’ என்று பெயர். பாதுகாப்புப் பொறுப்பு அவளுடையது. எப்போதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிகிறவள், இன்று கேட்கவே வேண்டாம். நாயகனுக்குப் பதிலாக உடம்பில் தீயோடு ஓடிவந்து இந்தக் கதவருகே விழப்போகிற டூப், அவளுடைய சொந்தத் தம்பி.

டார்ச்சோடு சந்துக்குள் நுழைந்தாள். யாரும் இல்லை. மரத்தூள் வாசனை, புது வண்ணத்தின் காரம், அதற்கும் அடியில் எரிந்த வீட்டில் தண்ணீர் ஊற்றிய பிறகு எழும் ஈரக்கரி நாற்றம். பலகையின் பின்பக்கம், முழங்கால் உயரத்தில், கறுப்பாகக் கைத்தடங்கள். துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. பலகை வெதுவெதுப்பாக இருந்தது.

“இந்தப் பலகை ஏதுண்ணே?” என்று தச்சரிடம் கேட்டாள்.

“கிடங்குல கிடந்ததும்மா. வேற யூனிட் விட்டுட்டுப் போனது.”

“நல்ல பலகைய யாராவது விட்டுட்டுப் போவாங்களா?”

தச்சர் நாலு ஆணியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். வாயில் ஆணி இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லையே.

கதவு தட்டிய சத்தத்தைச் சொன்னதும் யூனிட் மேனேஜர் சிரித்தார். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. போன வாரம் ஒயர் கருகுதுன்னு ஷூட்டிங்க நிறுத்தினீங்க. கடைசில யாரோ அடுப்புல பாலைத் தீய விட்டிருந்தாங்க. இன்னொரு தடவ நிறுத்தினா உங்களுக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது.”

பேசும்போது அவர் ஒரு தடவைகூட அந்தக் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. அவளுக்கு அது உறுத்தியது. எல்லோரும் சேர்ந்து எதையோ மூடுகிறார்கள். இல்லையென்றால், பயந்துபோய் அவள் மறுபடி நிறுத்தட்டும், சிரிக்கலாம் என்று எவனோ தட்டிவிட்டு ஓடுகிறான். அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினாள். மனிதர்களைச் சந்தேகப்படுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

தம்பியின் கைகளில் சூட்டைத் தடுக்கும் ஜெல்லில் ஊறிய தடித்த உறைகளை மாட்டி, மணிக்கட்டில் டேப்பை அவளே இறுக்கிச் சுற்றினாள்.

“கழுத்த நெரிக்கிற மாதிரி கட்றியேக்கா.”

“வாய மூடு. சூடு உறைச்சா என்ன பண்ணுவ?”

அவன் குனிந்து தரையைத் தட்டிக் காட்டினான். பொத். பொத். உறைக்குள்ளிருந்து வரும் மெத்தென்ற சத்தம். பிறகு முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

தீயணைப்புக் கருவியோடு நின்ற இரண்டு பையன்களிடமும் மறுபடி சொன்னாள். “புகையில கண்ண நம்பாதீங்க, காத நம்புங்க. தட்டுற சத்தம் கேட்டா, டைரக்டர் கட் சொல்றதுக்கெல்லாம் காத்திருக்காம சத்தம் வந்த பக்கம் ஓடி அடிங்க.”

புகை இயந்திரம் சீறியது. நடைகூடம் வெளுத்து மங்கியது. “ஆக்ஷன்!”

தம்பி எரிந்துகொண்டு வந்தான். முதுகில், தோளில், கைகளில் தீ. தள்ளாடி, கதவருகே போட்ட குறியில் விழுந்தான். புகை அவனை மூடிக்கொண்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள்.

பட். பட். பட்.

பையன்கள் பாய்ந்தார்கள். சத்தம் வந்த பக்கம். கதவை நோக்கி.

“அங்க இல்லடா! கீழ! கீழ!”

அவர்களுக்குக் கேட்கவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தபடியே பொய்க்கதவின் மேல் வெள்ளைப் பொடியை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன் கருவியைத் தூக்கிக்கொண்டு குறியை நோக்கி ஓடினாள்.

தீ இல்லை.

யாரும் அணைக்கவில்லை. ஆனாலும் இல்லை. முகமூடியோடு அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். உடையிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். “கட்! பிரமாதம்!” என்று டைரக்டர் கத்த, எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் மண்டியிட்டு அவன் கையைப் பற்றினாள்.

கையில் உறை இல்லை. டேப் இல்லை.

கரி. வெறும் கரி. விரல்கள் அவள் மணிக்கட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டன.

கைதட்டல் அடங்கியது. பொடி வழியும் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து, முழங்கால் உயரத்தில், சத்தம் வந்தது.

பொத். பொத்.

பொத்.