நிறைவு சொல்லாத அலைவரிசை

வெள்ளிக்கிழமை அணைத்த ஸ்டேஷன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசிக்கொண்டிருந்தது.

திண்டிவனத்து வீட்டில் அம்மா அம்சா மல்லாட்டை உரித்து வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பழைய ரேடியோவில், எதிரே நின்ற மகள் கலைப்பிரியாவின் குரல் உர விலை சொன்னது.

"எப்படி புள்ள இங்கயும் நிக்கற, அங்கயும் பேசற?"

"எவனோ பழைய பதிவைப் போட்டுவிட்டிருக்கான்மா" என்று சொல்ல வாயைத் திறந்தாள். பாதிதான் வந்தது. தொண்டை கரகரத்தது. ரேடியோவில் குரல் மணி மாதிரி இருந்தது.

அவளுக்குக் கோதண்டபாணி மேல்தான் ஆத்திரம். ஸ்டேஷன் மேனேஜராம். பழைய ஏ.எம். ஒலிபரப்பை மூடிவிட்டு நாளைக் காலை விழுப்புரத்தில் எஃப்.எம். ஆரம்பிக்கிறான். விவசாயச் செய்தி கிடையாது. பாட்டு, நடுநடுவே கெக்கேபிக்கே. "சிரிப்பு வராட்டியும் சிரிச்சிக்கினே பேசும்மா" என்று வகுப்பு எடுத்த மூஞ்சி அது. முதல் நிகழ்ச்சி இவளுடையது. நன்றாகப் பேசினால் வேலை நிரந்தரம். அந்த வீட்டின் முதல் டிகிரி, முதல் மாதச் சம்பளம் எல்லாம் இந்த ஒரு தொண்டையில் நின்றது.

எந்த ஸ்டேஷனிலும் ஒலிபரப்பு நிறைவடைகிறது என்று சொல்லாமல் மைக்கை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். கடைசி நாள் அதைச் சொல்லப் போனவளை அந்த மூஞ்சிதான் தடுத்தது.

"ஏ.எம். எவன் கேக்கறான்? மாடு மேய்க்கறவன். அவனுக்கு வணக்கம் ஒரு கேடா? ஜல்தி அணைச்சிட்டு வா."

இவளும் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் குரல் சுத்தமாகப் போய்விட்டது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த, மூடிய ஒலிபரப்புக் கூடத்துக்குப் போனாள். காவலுக்கு இருந்த பிரான்சிஸ் ரேடியோவைக் காதில் வைத்தபடி அவளைப் பார்த்து எழுந்தார்.

"என்னாம்மா, இப்பத்தான உள்ள பேசிக்கினு இருந்தீங்க? எந்தப் பக்கமா வெளிய வந்தீங்க?"

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே வௌவால் எச்சமும் சூடேறிய தூசியும் கருகிய ஒயரும் சேர்ந்து நாறின. இயந்திரங்களைக் கழற்றி எடைக்குப் போட்ட இடத்தில் தரையில் ஓட்டைகள் மட்டும் இருந்தன, கரண்ட் இணைப்பை வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள், ஆனாலும் சுவருக்குள் எங்கேயோ தேனீக்கூடு மாதிரி ஒரு இரைச்சல் விடாமல் ஓடியது. பேசும் அறைக் கண்ணாடிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே மேசை. காலி நாற்காலி.

உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது.

அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டால் போதும், குரல் திரும்பிவிடும். ஒரே வரி.

'இத்துடன் நமது ஒலிபரப்பு...'

வெறும் காற்று.

"நேயர்களே, நிலையத்துக்கு ஒருத்தி வந்திருக்கிறாள்" என்றது அவள் குரல், தலைக்கு மேலிருந்து. "என்னவோ சொல்லப் பார்க்கிறாள்." சிரித்தது. கோதண்டபாணி சொல்லிக்கொடுத்த அதே சிரிப்பு.

எழப் பார்த்தாள். கால் வரவில்லை. உதடு அசைந்தது. அவள் அசைக்கவில்லை. மேலே ஒரு சொல். இங்கே ஒரு அசைவு. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். நகம் பதிய அழுத்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே பிரான்சிஸ் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ரேடியோ சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே, அவள் விரல்களுக்கு அடியில், ரத்தம் கசிந்த உதடுகள் நாளைய மல்லாட்டை விலையைச் சொல்லிக்கொண்டிருந்தன.