உயிர்க்கோபுரம்

வெள்ளச்சிக்குக் காய்ச்சல் வந்த அன்று மேல்காரை மலையில் கைப்பேசிப் படங்கள் பளிச்சென்று வந்தன. துபாயிலிருக்கும் மகனின் முகத்தை முதல்முறையாகத் தடங்கலில்லாமல் பார்த்த ஊர்த்தலைவர் பொன்னுரங்கம், "இன்னிக்கி சிக்னலு சும்மா பறக்குது!" என்று துள்ளினார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கொண்டாடினார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

மலையில் இரும்புக் கோபுரம் நட்டால் கட்டுப்படியாகாது என்று கைவிரித்த நிறுவனம், ஆளுக்கொரு உயிர்க்கோபுரம் கொடுத்திருந்தது. துவரம்பருப்பு அளவுதான். காறை எலும்புக்குக் கீழே பதித்துவிடுவார்கள். உடம்புச் சூடுதான் அதற்கு மின்சாரம். ஒருவர் பேச்சை அடுத்தவர் உடம்பு வாங்கி, அதற்கடுத்தவருக்குக் கடத்தும். இலவசம். அமைச்சர் வந்து மாலை போட்டுக்கொண்டு போனார். உடம்பு கொதித்தால் அலை வலுக்கும் என்பதை ஊர் தானாகவே கண்டுபிடித்தது.

அடிவாரத்துக்கும் ஊருக்கும் நடுவே உச்சிப்பாறையில் ஒரே வீடு. அதில் வெள்ளச்சி தனியாக இருந்தாள். அங்கே ஓர் உடம்பு இல்லாவிட்டால் ஊருக்குத் தொடர்பு அறுந்துவிடும்.

உயிர்க்கோபுரமே வேண்டாம் என்றிருந்த அவள் தங்கை தீர்த்தம்மாள் பாறை வீட்டிலிருந்து ஆம்புலன்ஸை அழைத்தாள். "நோயாளியை அடிவாரச் சாலைக்குக் கொண்டுவரவும்" என்றது இயந்திரக் குரல். அக்காவின் காய்ச்சல் வழியே வந்த அந்தக் குரல் அத்தனை தெளிவாக இருந்தது. அவள் ஊருக்குள் ஓடினாள்.

"டோலி தூக்க நாலு பேரு வாங்க. பாறை வீட்ல யாராச்சும் ஒருத்தர் உக்காந்துக்குங்க. அவ்ளோதான் கேக்குறேன்!"

ஒருவனுக்கு ஆடு மேய்க்கக் கிடந்தது. இன்னொருத்திக்கு அந்தக் குளிர்காற்று ஆகாது. இளவட்டங்கள் கிரிக்கெட்டிலிருந்து தலையே தூக்கவில்லை.

"ரெண்டு நாளு பொறு தாயி" என்றார் பொன்னுரங்கம். "மவனுக்குப் பொண்ணு பேசிக்கிட்டிருக்கோம். நடுவுல அந்துபோனா நல்லாவா இருக்கும்?"

"எங்கக்கா ஒடம்பு கொதிக்குது, நீங்க அதுல படம் பாக்குறீங்களா? தூ!"

துப்பியது அவர் காலடியில் விழுந்தது. அவர் காலை மட்டும் நகர்த்திக்கொண்டார்.

மறுநாள் ஆட்டத்தின் கடைசி ஓவரில் படம் நின்றது. ஊர் கைப்பேசியைத் தட்டியது, உதறியது, நிறுவனத்தை வாய்க்கு வந்தபடி திட்டியது. பிறகுதான் பாறைக்கு ஏறியது. வெள்ளச்சியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தீர்த்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. ஊர் ஏறி வரும்வரை சாவுச் செய்தியை வெளியூர் உறவுகளுக்குச் சொல்லக்கூட அவளுக்கு அலை இல்லை.

அடக்கம் முடிந்ததும் தீர்த்தம்மாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "பொறுக்கச் சொன்னவரே போயி உக்காரட்டும்."

ஊர் உடனே ஒத்துக்கொண்டது. நியாயம் பார்த்து அல்ல, இரவு ஆட்டம் இருந்தது.

பொன்னுரங்கம் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாறை வீட்டில் நடுங்கினார். வயதான உடம்பில் சூடு எங்கே இருக்கும்? ஊரில் படம் திக்கித் திணறியது, பேச்சு பாதியில் அறுந்தது.

விடிந்ததும் இளவட்டங்கள் மேலே வந்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சோறு கொண்டாந்தீங்களாப்பா?"

ஒருவன் குனிந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். முகம் சுளித்தான்.

"சில்லுன்னு கெடக்குதே... ஏன் தலைவரே, உங்களுக்குக் காய்ச்சலே வராதா?"