மடிப்புக்கு விட்டீங்களா?

"அவுக்காதே! எழுதி முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்!"

மாமியார் அதட்டியபோது மருமகள் ஏற்கெனவே மேஜைக்கடியில் மண்டியிட்டிருந்தாள். பேத்தியின் கணுக்காலை மேஜைக் காலோடு சேர்த்துத் திரைச்சீலை நாடாவால் கட்டியிருந்தார் மாமியார். ஓயாமல் சுற்றுவதால் வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். பம்பரம் அழவில்லை. முடிச்சில் கை வைத்த அம்மாவைப் பார்த்தாள்.

"நான் உக்காரத்தான்மா பார்த்தேன்... காலு என் பேச்சைக் கேக்கல."

"அத்தை! இவளுக்கு ஏ.டி.எச்.டி.ன்னு டாக்டர் சொன்னதை எத்தனை தடவை சொல்றது? வேணும்னு செய்யல. கவனத்தை ஒரே இடத்துல நிறுத்தறது இவளுக்கு நம்மளை மாதிரி சுலபம் இல்ல. ஒரு நேரத்துல ஒரு வேலை சொல்லணும், நடுவுல எழுந்து ஓட விடணும், செஞ்சதை உடனே பாராட்டணும்..."

"ஏன், மேடை கட்டி மைக் வெச்சுப் பாராட்டிடுவோமா? எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததே இல்ல! எல்லாம் உன் வீட்டு ரத்தம், உன் வளர்ப்பு! வர்ற திங்கட்கிழமை ஹாஸ்டல்ல விட்டுடறோம். அங்க நிமித்திடுவாங்க."

மருமகள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சோபா மெத்தைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"அம்மா யோசிச்சுத்தான் செய்வாங்க... என் வண்டிச் சாவியைப் பார்த்தியா?"

சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. வழக்கமாக அவளே எடுத்துக் கையில் கொடுப்பாள். அன்று கொடுக்கவில்லை.

அவர்களுடையது திரைச்சீலைக் கடை. ஜன்னலே இல்லாத வீட்டுக்கும் திரைச்சீலை விற்றுவிடும் வாய் அவனுக்கு. ஆனால் அளவெடுக்கப் போனால் பாதி ஜன்னலில் வீட்டுக்காரரின் நாயைக் கொஞ்சப் போய்விடுவான். திரும்பி வந்து மீதியை எடுக்கும்போது மேலும் கீழும் மடித்துத் தைக்கக் கூடுதல் துணி சேர்க்க மறந்திருப்பான். கல்யாணமான நாளிலிருந்து அவள் தினமும் மாலையில் கேட்கும் ஒரே கேள்வி, "மடிப்புக்கு விட்டீங்களா?" அவன் தலையில் கை வைப்பான். அவள் வாடிக்கையாளருக்கு ஃபோன் போட்டு விசாரித்து, சரியான அளவைத் தையற்காரரிடம் சொல்வாள். ஊரில் கடைக்கு நல்ல பெயர். அந்தப் பெயர் முழுவதும் மாமியாரின் மகன் கணக்கில் வரவாகிக்கொண்டிருந்தது.

அன்று அவன் புதிதாகத் திறக்கப்போகும் ஹோட்டலின் பெரிய கூடத்துக்கு அளவெடுத்து வந்தான். கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். ஆனால் சரக்கு தெரிந்தவள் அல்லவா? அதே மாலை கிடங்கிலிருந்து கரும்பச்சை வெல்வெட் சுருள் ஒன்றை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

சனிக்கிழமை காலை ஹோட்டல் மேனேஜரம்மா கடைக்குள் புயலாக நுழைந்தாள்.

"திரைச்சீலை கேட்டா அரை டவுசர் தெச்சு அனுப்பியிருக்கீங்க! எல்லாம் முழங்கால் தெரிய நிக்குது. சாயங்காலம் திறப்பு விழா... சிரிச்சுட மாட்டாங்க?"

மாமியார் உடனே தையற்காரர் மேல் பாய்ந்தார். "கண்ணை எங்கய்யா வெச்சுத் தெச்சே?"

"நான் என்னம்மா பண்ணுவேன்? அண்ணன் குடுத்த அளவு அதுதான். எப்பவும் அண்ணி ஒரு தடவை பார்த்துத் திருத்திச் சொல்லுவாங்க. இந்தத் தடவை ஒண்ணும் சொல்லல. சரியா இருக்குபோலன்னு வெட்டிட்டேன்."

"எப்பவுமா?" மாமியாரின் குரல் இறங்கியது.

"நான் வந்த நாள்லேருந்தே அப்படித்தாம்மா."

மேனேஜரம்மாவை முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு மாமியார், மகன், மருமகள் மூவரும் பின்கட்டுக்குப் போனார்கள். கணவனின் முகம் வெளிறியிருந்தது.

"நீ... தெரிஞ்சேதான் விட்டியா? என் மானத்தை வாங்கிட்டியேடி!"

"ஆமா. பொண்ணை மேஜைல கட்டினப்போ நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க. நானும் மூடிக்கிட்டேன். வலிக்குதா? வலிக்கட்டும்!"

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். "உங்க வம்சத்துல இல்லாததுன்னீங்களே அத்தை... சாவியைத் தேடறது யாரு? அடுப்புல பாலை வெச்சுட்டு மாடிக்குப் போயிடறது யாரு? இது ரத்தத்துல வரலாம்னு டாக்டர் சொல்றாங்க. இவருக்கு இருக்கா இல்லையான்னு அவங்கதான் பார்த்துச் சொல்லணும். ஆனா என் வளர்ப்புன்னு இனிமே ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை வரக் கூடாது!"

கணவன் துணி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அம்மா... என்னையும் அப்படித்தானே கட்டுவே? தையல் மெஷின் காலோட... அப்போ நான் சோம்பேறி இல்லையாம்மா?"

மாமியார் அவன் பக்கத்தில் போய் நின்றார். "உங்கப்பா பெல்ட்டைத் தூக்குவாரேடா! அவர் வீடு வர்றப்போ நீ அடங்கி இருக்கணுமேன்னு கட்டினேன்... பெத்தவ சரியில்லைன்னு என்னைத்தானே அத்தனை பேரும் பேசினாங்க!"

"வாங்கின பழியை அப்படியே என் மேல திருப்பிட்டீங்க" என்றாள் மருமகள். இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்க வைத்தாள். "வெல்வெட் என்கிட்ட தயாரா இருக்கு. கீழே அகலமா பார்டர் கொடுத்தா தரையைத் தொடும், அதுதான் டிசைன்னு சொல்லிக்கலாம். முதல்ல பேச்சு முடியணும். ஹாஸ்டல் கிடையாது."

"சரி, கிடையாது" என்றார் மாமியார்.

"பெத்தவங்களுக்கு கிளினிக்ல வாராவாரம் வகுப்பு நடக்குது. இந்த மாதிரி பிள்ளைங்களை எப்படி வளர்க்கறதுன்னு சொல்லித் தராங்க. நீங்க வரணும்."

"இவன் வரட்டுமே. நான் வயசானவ..."

"அவரும் வருவார். நீங்களும் வரணும்."

"ஒரே ஒரு வாரம் வரேன்."

"எல்லா வாரமும்."

"பின்வரிசையில உக்காந்துக்கறேன், என்னம்மா..."

"முன்வரிசை அத்தை. நாடாவால கட்டினதை உங்க வாயாலயே சொல்லணும்."

முன்னறையில் மேனேஜரம்மா பலமாகத் தொண்டையைச் செருமினாள். மாமியார் மருமகளின் முகத்தைப் பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்து ஆயிரம் வாடிக்கையாளர்களைப் படியவைத்தவருக்குப் படியாத முகம் எது என்று தெரியும்.

"வெல்வெட்டை எடு" என்றார்.

அடுத்த வாரம் கிளினிக்கில், பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதல் வரிசையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார். கணவன் தன்னையும் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, ரொம்ப நாள் சுமந்த துணி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி பெருமூச்சு விட்டான். அடுத்து மாமியார் முறை. எழுந்தார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். திரும்பி மருமகளைப் பார்த்தார். மருமகள் கண்ணை எடுக்கவில்லை.

"நான்... எங்க பேத்தியைக் கட்டிப் போட்டேன். என் பையனையும் கட்டிப் போட்டேன். ரெண்டு பேருக்கும் அது தப்புன்னு... எனக்கு யாரும்... இல்ல, என் மருமக சொன்னா. நான்தான் கேக்கல."

சொல்லி முடிக்கும் முன்பே உடைந்து உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடம் அந்த அழுகைக்காகத்தான் காத்திருந்தாள் மருமகள். கேட்க இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன்!

கொஞ்ச நேரம் அழ விட்டாள். பிறகுதான் கையைப் பிடித்தாள்.