மலர்விழி கேட்ட வரம்

ஜெஸ்ஸி மூச்சே விடவில்லை. செம்பட்டி வீட்டுக் கூடத்தில், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், தகரக் கூரை காய்ந்து படபடக்கும் மத்தியானத்தில், மலர்விழியின் கொழுந்தன் பெண்டாட்டியான அவள் வாயிலிருந்து, பரிசுத்த ஆவி இறங்கியவர்கள் பேசும் அந்நிய பாஷை நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது; அவள் நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நடிக்கிறாளா என்று கண்டுபிடிக்கத்தான் மலர்விழி அவ்வளவு உற்றுப் பார்த்தாள்.

பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பதினெட்டு வருடமாகப் பட்டினி கிடந்து முழங்கால் காய்த்துப்போன தனக்கு ஒரு சொல்கூட இறங்கவில்லை. நெய்க்காரப்பட்டியிலிருந்து நாகஜோதியாக வந்து, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி ஜெஸ்ஸி ஆனவளுக்கு மூன்றே மாதத்தில் ஆவியின் அபிஷேகமா? பாஸ்டர் கிறிஸ்துராஜ்கூட இப்போது அவளிடம்தான் குனிந்து பேசுகிறார்.

ஜெபம் முடிந்து எல்லோரும் கூடத்தில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். உள்ளறையில் துவண்டு கிடந்தவளுக்கு மலர்விழி ஒரு டம்ளர் கொண்டுபோனாள். ஊதுபத்தியே கொளுத்தாத அந்த வீட்டில் திருநீறும் ஈர மஞ்சளும் கலந்த வாடை கனமாக நின்றது.

"அக்கா, நீங்க நெனைக்கற மாதிரி இல்லீங்க," ஜெஸ்ஸி முனகினாள். "எங்கம்மா சாமியாடிக் குறி சொல்லும். அம்மா மேலதான் இது இருந்துச்சு. அம்மா சாகறப்ப நாந்தான் ஆசப்பட்டுக் கேட்டேன், எம்மேல ஏறிக்கிச்சு. நீங்க கேட்டுறாதீங்க."

இருக்கிறவளுக்கு என்ன, வேண்டாம் என்று சொல்லத் தெரியும். மலர்விழிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஒனக்கு மட்டும் எதுக்குடி? எனக்குக் குடு!"

ஃபேன் சுற்றியது. சத்தம் இல்லை. கூடத்துப் பேச்சும் கேட்கவில்லை. பின்கழுத்தில் ஏதோ வந்து உட்கார்ந்தது. ஈரம். பாரம்.

ஜெஸ்ஸி ஆழமாக ஒரு மூச்சை இழுத்தாள். எழுந்தாள். தள்ளாடாமல் நடந்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

'ஏய், கதவத் தொற' என்றுதான் மலர்விழி சொன்னாள். வாயில் வந்தது வேறு. நாக்கைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. பேச்சு நிற்கவில்லை.

கூடத்தில் ஒரு பெண் கத்தினாள். "மலருக்கும் எறங்கிருச்சு! அல்லேலூயா!"

"யாரும் தொறக்காதீங்க," ஜெஸ்ஸியின் குரல் தெளிவாகக் கேட்டது. "அக்கா அபிஷேகத்துல இருக்காங்க."

மலர்விழி இரண்டு கையாலும் கதவை இடித்தாள். அவள் இடிக்க இடிக்க, வெளியே அதே தாளத்துக்குக் கை தட்டிப் பாடத் தொடங்கினார்கள்.