கதவோரத்துத் தகரம்

"சோறு எங்கடி? கேக்குறேன்ல… வாயத் தொற."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரல். தலை வாரிக்கொண்டிருந்த ஏஞ்சலாவின் கை அப்படியே நின்றது.

"வேணாங்க… புள்ள முழிச்சுக்கும்ங்க… அடிக்காதீங்க…" இது பெண் குரல். பின்னாலேயே பொத்தென்று ஏதோ விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பக்கத்துக் காம்பரா செல்லசாமி அண்ணனுடையது. ஆனால் அந்த வாயில்லாப் பூச்சிக்கு இப்படி ஒரு குரலா? அவர் பெண்டாட்டி வேலாயி அக்கா வேறு காலையிலேயே வட்டகொடைக் கடைத்தெருவுக்குப் போனாளே… யாராக இருந்தால் என்ன, அடி அடிதான்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டின அந்த ஒற்றை அறை வீடுகளில், காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. அந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் வாசம் வரும். பேசினால் பேச்சு வரும். அடித்தால் அதுவும் வரும். புருசன் பொண்டாட்டி விசயம், நமக்கு எதுக்கு என்று இந்தப் பக்கம் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். அவ்வளவுதான் வழக்கம். ஏஞ்சலாவின் அக்கா பவுலின் அக்கரப்பத்தனைப் பக்கம் வாழப்போய், வலது கை முறிந்து திரும்பி வந்தாளே, அந்த லயத்திலும் அன்றைக்கு ரேடியோ நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்ததாம்.

அக்கா வந்து சேர்ந்த பிறகு ஏஞ்சலா சும்மா இருக்கவில்லை. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பிள்ளைகளை விட வரும் தாய்மாரிடம் பேசிப் பேசியே மாதர் சங்கத்தைக் கூட்டிவிட்டாள். வீட்டுக்குள் அடிப்பதும் குற்றம் என்று கொழும்பில் சட்டமே வந்துவிட்ட காலம் அது. சட்டம் மலையேறி வரும்வரை காத்திருக்க முடியுமா? சங்கம் ஒரு முடிவெடுத்தது. வீட்டுக்கு வீடு கதவோரம் ஒரு தகரம், கூடவே கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, மிலாறு ஒன்று. அடிக்கிற சத்தம் யார் காதில் முதலில் விழுகிறதோ அவள் தட்ட வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் தட்டிக்கொண்டே போய் அந்த வாசலில் நிற்க வேண்டும். திட்ட வேண்டாம், கை ஓங்க வேண்டாம், நின்றால் போதும்.

தகரங்கள் தொங்கின. தட்டத்தான் யாருக்கும் துணிவு வரவில்லை.

ஏஞ்சலா தகரத்தையும் மிலாற்றையும் எடுத்தாள். தட்டினாள். அவள் தட்டத் தட்ட லயமே எழுந்து வந்தது. சங்கத் தலைவி பேச்சியம்மா அகப்பையும் கையுமாக முன்னால் நின்றாள். செல்லசாமியின் கதவு மெல்லத் திறந்தது.

உள்ளே ஓர் இளைஞன். தலையில் முந்தானை மாதிரி ஒரு துவாய்த் துண்டு. தரையில் ஒரு தலையணை. வேறு ஒருவரும் இல்லை.

"பொம்பள எங்க?" என்றாள் பேச்சியம்மா.

"நான்தாங்க" என்றான் அவன்.

விசயம் மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அவன் பெயர் றொனால்ட். பொகவந்தலாவைக்காரன், அட்டனில் ஓர் அச்சகத்தில் வேலை. லீவு நாட்களில் நாலு சிநேகிதர்களோடு தோட்டம் தோட்டமாகப் போய், பெண்டாட்டியை அடிக்காதே என்று நாடகம் போடுகிறவன். இந்தத் தோட்டத்தில் போடப் போகும் நாடகத்துக்காகத் தன் கூட்டாளி செல்லசாமி வீட்டுக்கு வந்திருக்கிறான். செல்லசாமி கடைக்குப் போன நேரத்தில் புருசனாகவும் பெண்டாட்டியாகவும் தானே பேசிப் பழகியிருக்கிறான்!

பேச்சியம்மா சிரித்த சிரிப்பில் அகப்பை கீழே விழுந்தது. கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஏஞ்சலாவுக்கு மட்டும் காதெல்லாம் சுட்டது. அவனைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பெரிய கண்கள்… அவை அவளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. நனைந்திருந்தன.

ஐயோ பாவம், வெட்கத்தில் அழுதே விட்டானா?

"நீங்கதான் தட்டுனதா?" என்று கேட்டான்.

"ஆமா. அடுத்த தடவ அடிவாங்குறதா இருந்தா ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்குங்க." சொல்லிவிட்டு அவள் சும்மா போயிருக்கலாம். வாய் கேட்கவில்லை. "ஒங்க அழுகையும் சரியில்ல. அடிவாங்குறவ அப்படிக் கத்தமாட்டா. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுருமேன்னு வாயப் பொத்திக்குவா."

அவன் தலையிலிருந்த துவாயை மெதுவாக எடுத்தான். "தெரியும்ங்க… ஆனா அப்படி நடிச்சா ஒருத்தருக்கும் கேக்காதே."

அன்று முழுக்க அந்தப் பதில் அவள் கூடவே நடந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை பிள்ளைக்காம்பராவில் நடந்தது. சாவி ஏஞ்சலாவிடம் இருந்ததால் அவளும் இருக்க வேண்டியதாயிற்று. (சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்தான். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.) நாடகத்தில் நடிக்க எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பாததால் செல்லசாமிதான் வேலாயியின் சேலையைக் கட்டிக்கொண்டு பெண்டாட்டியாக நின்றான். மீசையை எடுக்கச் சொன்னதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

றொனால்ட் ரயிலில் வருவான். வட்டகொடையில் ரயில் கூவியதும் ஏஞ்சலாவுக்குக் கூந்தலில் ஏதோ சரியில்லை என்று தோன்றும்… திரும்ப ஒருமுறை வாருவாள். அவன் குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, இன்றைக்கு அடிவாங்கப் போவதை முன்கூட்டியே அறிவித்துக்கொள்கிறேன் என்பான். அவள் சிரிக்காமலிருக்கப் பாடுபடுவாள். தேத்தண்ணியைக் கொடுக்கும்போது ஒரு பார்வை. கோப்பையைத் திருப்பித் தரும்போது இன்னொரு பார்வை. அவ்வளவுதான்… ஆனால் அது ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு அந்த மழை ஞாயிறு வந்தது.

செல்லசாமி ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வசனத்தை மறந்தான். றொனால்ட் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தான். திடீரென்று வெடித்தான். "ஒரு தடவ சொன்னா ஏறாதாடா ஒனக்கு?"

அதே குரல். சுவரைத் தாண்டி வந்த அதே குரல். இது நாடகத்தில் இல்லாத வசனம்.

றொனால்ட் இறுகியிருந்த தன் கையைத் தானே ஒருமுறை பார்த்தான். செல்லசாமியின் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனான். ஏஞ்சலா அவன் விட்டுப்போன குடையையே பார்த்தாள். உள்ளே இல்லாத குரல் வெளியே எப்படி வரும்?

அந்த வாரமே வேலாயி வெற்றிலை பாக்குடன் றொனால்டுக்குப் பெண் கேட்டு வந்தாள். ஏஞ்சலாவின் அப்பா பத்திநாதனுக்கு முகமெல்லாம் பல். நம்ம மாதா கோயில் பையன், குடி இல்லை, கைத்தொழில் இருக்கிறது என்று அடுக்கினார். பெண்ணுக்குச் சம்மதம் என்றால் அவளே தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவர வேண்டும். வேலாயி காத்திருந்தாள். அப்பா இரண்டு முறை செருமினார். அடுப்படியிலிருந்து ஏஞ்சலா வரவில்லை.

வேலாயி போன பிறகு பவுலின் அடுப்பருகே வந்து உட்கார்ந்தாள். "ஒனக்கு அவரப் புடிச்சிருக்குதானே?"

"புடிச்சிருக்குக்கா. அதான் பயமா இருக்கு. மச்சானையும் நமக்கெல்லாம் புடிச்சுத்தானே இருந்துச்சு?"

பவுலின் முறிந்து கூடிய கையால் தங்கையின் தலையைத் தடவினாள். அந்தக் கை இன்னும் சரியாக மடங்காது.

றொனால்ட் கோபித்துக்கொள்ளவில்லை, ஆள் விட்டுக் காரணம் கேட்கவில்லை. நாடகத்தன்று வருகிறேன் என்று மட்டும் சொல்லியனுப்பினான். அவன் ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட ஏஞ்சலாவுக்கு மனசு தேறியிருக்கும். பாருங்கள், நாம் நினைத்தது சரிதான் என்று இருந்திருப்பாள். இப்போது ரயில் கூவினால் சீப்பை எடுப்பதா வைப்பதா என்றே தெரியவில்லை. பிள்ளைக்காம்பரா மூலையில் அவன் குடை மட்டும் சாய்ந்து நின்றது.

நாடகம் பெரட்டுக் களத்தில் நடந்தது. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற அந்த மைதானத்தில் தோட்டமே கூடியிருந்தது. றொனால்ட் கட்டிய நாடகத்துக்கு முடிவு கிடையாது. புருசன் கையை ஓங்குவான். அங்கேயே நிற்கும். பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்களோ அதுதான் முடிவு. முதல் தகரத்தை ஏஞ்சலா தட்டுவதாகப் பேச்சு.

ஆம்பளைகள் பக்கமிருந்து கேலி வந்தது. பாத்து தட்டு ஏஞ்சலா, இதுவும் நாடகந்தான்… சிரிப்பு. அன்று நடந்த கூத்துக்குப் பிறகு பெண்களும் தகரத்தைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

"சோறு எங்கடி?"

குரல் மைதானத்தை அறுத்தது. சிரிப்பு நின்றது. றொனால்ட் கையை ஓங்கினான். தட்ட வேண்டிய நேரம். ஏஞ்சலாவின் கையில் மிலாறு இருந்தது, கைதான் எழவில்லை. மேடையில் நிற்பவன் நடிக்கிறானா, நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறானா… அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு மிலாற்றை வாங்கியது. பவுலினின் இடது கை. வீட்டைவிட்டு வெளியே வராத பவுலின்… வந்ததிலிருந்து நாலு பேர் முன்னால் தலை நிமிராத பவுலின் எழுந்து நின்று தகரத்தைத் தட்டினாள். ஒரு முறை… இன்னொரு முறை. அவள் முகத்தில் கண்ணீர் வழிந்தது, தட்டுவதை விடவில்லை. பேச்சியம்மா எழுந்தாள். வேலாயி எழுந்தாள். மைதானம் முழுக்கத் தகரம் அதிர்ந்தது. ஆம்பளைகளில் ஒருவர் எழுந்து தன் தகர டார்ச் லைட்டைக் குச்சியால் தட்டினார். அது அப்பா பத்திநாதன்.

யாருடி தட்டுனது என்று புருசன் சீற வேண்டும். அதுதான் அடுத்த வசனம். றொனால்ட் பேசவில்லை. ஓங்கிய கை தானாக இறங்கியது. அப்படியே நின்றான். கண்கள் நனைந்திருந்தன. என்னமா நடிக்கிறான் என்று சனம் கைதட்டியது.

ஏஞ்சலாவுக்குத் தெரிந்தது, அது நடிப்பில்லை. முதல் நாள் பார்த்தது வெட்கமும் இல்லை. அப்படியானால் என்ன?

தூறல் தொடங்கியிருந்தது. களத்துக்குப் பின்னால், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வெளியே அவன் தனியாக முகம் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் குடையை நீட்டினாள்.

"விட்டுட்டுப் போயிட்டீங்க."

"ம்…"

"தகரச் சத்தம் கேட்டா ஏன் அழுவுறீங்க?"

அவன் குடையை வாங்கி விரிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"எங்கம்மாவுக்கு எடது காது கேக்காதுங்க. எங்கப்பா அடிச்ச அடி. நான் சின்னப் பையன், கதவு மூலையில நிப்பேன். யாராவது வரமாட்டாங்களான்னு பாப்பேன். எங்க லயத்துல ஒருத்தரும் தகரம் தட்டலைங்க." குரல் உடைந்தது. "அன்னைக்கு நீங்க தட்டுனீங்கள்ல… அங்க பொம்பளையே இல்ல. ஆனா எங்கம்மாவுக்காக யாரோ தட்டுன மாதிரி இருந்துச்சு. அப்பவே ஒங்கள…"

அவன் முடிக்கவில்லை. மழை முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

"அந்தக் குரல்?" என்றாள் ஏஞ்சலா. கேட்டே ஆக வேண்டும்.

"எங்கப்பா குரல். எனக்குள்ளதான் இருக்கு. செல்லசாமிகிட்ட அன்னைக்கு வந்துச்சே, நீங்க பயந்தது சரிதான். நானும் பயந்துட்டேன்." நேராக அவள் கண்ணைப் பார்த்தான். "ஒங்களுக்குச் சத்தியம் பண்ணிக் குடுக்கமாட்டேங்க. எங்கப்பாவும் பூசைக்குப் போயிட்டு வந்து வாரா வாரம் சத்தியம் பண்ணுனவருதான். ஆனா எங்க வீட்டுக் கதவோரத்துல ஒரு ஆணி அடிச்சிருக்கேன். பெரிய ஆணி. அம்மா எதுக்குடான்னு கேட்டாங்க. வர்ற மருமக தகரம் மாட்டுறதுக்குன்னு சொன்னேன்."

ஆயுள் முழுக்க அடிக்கமாட்டேன் என்று ஆயிரம் பேர் சொல்லலாம். தனக்கெதிராகத் தட்டுவதற்கு ஆணி அடித்து வைத்தவனை அவள் கேள்விப்பட்டதே இல்லை. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அது இப்போது தனியாக இல்லை, பக்கத்தில் அவனும் நின்றான்.

"ஆணி ஆடாம நிக்குமா?" என்றாள்.

"சுவரே விழுந்தாலும் ஆணி விழாதுங்க."

அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பாடுபடாமலேயே வந்த சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நனைந்துகொண்டிருந்தவன் கையிலிருந்து குடையைப் பிடுங்கித் தானே விரித்து இருவர் தலைக்கும் மேலே பிடித்தாள்.

"துவாயத் தலையில போட்டுக்கிட்டு நின்னீங்களே… எனக்கும் அப்பவே ஒங்களப் புடிச்சுப் போச்சுங்க." குடைக்குள் அவள் குரல் சின்னதாகியிருந்தது. "வேலாயி அக்காவ இன்னொரு தடவ வரச் சொல்லுங்க. தேத்தண்ணி நான் ஊத்துறேன். தகரமும் நானே கொண்டாறேன்."