மழையில் தூக்கிச் சென்றவள்

வியாழக்கிழமை மாலைதோறும் பிள்ளைகளின் கதைப்பலகைகள் வீட்டுக்கு வரும். பெற்றோர் பார்த்து, திருத்தம் இருந்தால் செய்து, கைரேகை வைக்க வேண்டும். ஜெசிந்தா கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து வந்து, முகங்கூடக் கழுவாமல் மகள் ஷெரினின் பலகையைத் திறந்தாள்.

ஆறு கட்டங்கள். மழை. ஒரு சிறுமி வழுக்கி விழுகிறாள். ஒருத்தி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாடியபடி வெள்ளத்தைக் கடக்கிறாள். குச்சி உருவம்தான், ஆனால் கண்ணாடி போட்டிருந்தாள். பிரமிளா மிஸ். மறுபடியும் மிஸ்தான்.

வெயில் எல்லோரையும் கூரைக்குள் அடைத்த பிறகு, தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு நினைத்துப் பார்க்க எதுவும் நடப்பதில்லை. அதனால் பள்ளியிலேயே நினைவு போடுகிறார்கள். பிள்ளை திட்டமிட்டு வரைந்ததை, மதியத் தூக்கத்தில் நினைவுநெய்வி என்ற கருவி அதன் மூளைக்குள் நெய்துவிடும். விழித்தால் வரைந்தது மறந்துபோகும். நடந்ததாக மட்டும் நினைவிருக்கும். நெய்ததைப் பிறகு பிரிக்க முடியாது.

"அம்மாவ ஏம்ட்டி வரையல?"

ஷெரின் யோசித்தாள். "ஒவ்வொரு கட்டத்துலயும் ஆளு ஏதாவது செய்யணும்னு மிஸ் சொன்னாங்க. நீ வேலயிலருந்து வந்தா படுத்துல்லா கிடப்ப."

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. பிரமிளாவுக்கென்ன, தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அம்புக்குறி போட்டால் ஆள் ஓடுவான், முகத்தைப் பெரிதாக்கினால் அழுகை தெரியும் என்று சொல்லிக்கொடுப்பதற்குத்தான் சம்பளம். பகலெல்லாம் பிள்ளை அவளிடம். கொட்டாவி மட்டும் தாய்க்கு.

ஷெரின் சாப்பிடப் போனதும், ஜெசிந்தா எழுதுகோலை எடுத்தாள். கண்ணாடியை அழித்தாள். தன் சுருட்டை முடியை வரைந்தாள். எல்லாக் கட்டத்திலும் கீழே 'அம்மா' என்று எழுதி, ரேகை வைத்தாள்.

மறுநாள் மாலை பள்ளி வாசலில் ஷெரின் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மிஸ் கையசைத்ததை அவள் கவனிக்கவேயில்லை. ஜெசிந்தா கவனித்தாள். வீடு வரும்வரை அது இனித்தது.

இரண்டு நாள் கழித்து, தலை துவட்டும்போது ஷெரின் கேட்டாள். "வெள்ளத்துல பாடுனியே, அதப் பாடும்மா."

கட்டத்தில் இருந்தது ஓர் இசைக்குறி மட்டும். என்ன பாட்டு என்று நினைவுநெய்விக்கும் ஷெரினுக்கும்தான் தெரியும். ஜெசிந்தா தனக்குத் தெரிந்த ஒன்றைத் தொடங்கினாள். அது இல்லை என்றாள் ஷெரின். வேறொன்று. அதுவும் இல்லை. சரி, தோளில் தூக்கு என்றாள். தூக்கியதும் ஜெசிந்தாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஷெரின் தானாகவே இறங்கினாள். அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப நல்லா இருந்த. ஏம்மா மாறிட்ட?"

ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்தது. களைக்காதவள், பாட்டு மறக்காதவள், பிள்ளையை இறக்கிவிடாதவள் ஒருத்தி அந்தச் சின்னத் தலைக்குள் குடியிருந்தாள். அவளிடம் போய்ச் சண்டை பிடிக்கவும் வழியில்லை. அவளுக்கு இருந்தது இவள் முகம்.